கடைசிப் பிடி

ஃபோர்மேனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்த லிஃப்ட் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. தன்னைப் பெரிய பொறுமைசாலி என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கோலால் பந்தை அடித்துக் குழியில் தள்ளுகிற பூல் மேசையில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது அவருடைய இன்னொரு நம்பிக்கை. சனிக்கிழமைகளில் அரை நாள்தான் வேலை. மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் நெட்டையைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கட்டடத்து மாடியிலிருந்த பூல் கிளப்புக்குப் போய்விடுவார். நெட்டை அவருக்குக் கீழே வேலை பார்க்கும் மெக்கானிக். நாற்பத்து நாலு வயது, ஆறடிக்கு மேல் உயரம், அளந்து பேசுகிறவன். ஒன்பது வருடமாக வாரத்துக்கு ஐந்து ஆட்டம். அதில் நெட்டை ஒன்று ஜெயிப்பான், சில வாரம் இரண்டு. மூன்று ஜெயித்ததே இல்லை. இது ஃபோர்மேனுக்கு ஒருநாளும் விசித்திரமாகப் படவில்லை.

வினை ஒரு பல் டாக்டர் ரூபத்தில் வந்தது. கிளப்பில் அமெச்சூர்களுக்காக ஒரு போட்டி வைத்தார்கள். முதல் சுற்றிலேயே அந்தப் பல் டாக்டர் ஃபோர்மேனை உட்காரவைத்துவிட்டுத் தனியாக ஆடி முடித்தார். தோற்றதைக்கூடப் பொறுத்திருப்பார். கை குலுக்கும்போது அந்த மனுஷன் சும்மா இருக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அடிக்கிற அந்தக் கடைசி நொடியில ஸ்டிக்க இறுக்கிப் பிடிச்சிடுறீங்க. அதான் பந்து வலது பக்கமா போகுது."

"பல்ல மட்டும் பாருங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஆனால் வீடு வரைக்கும் அந்தப் பேச்சு மண்டையைக் குடைந்தது.

அவர் மனைவி கணக்கு டீச்சர். எதையும் போட்டுப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டாள். சாப்பாட்டு மேசையின் மேல் ஒரு காலித் தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்து, ஸ்டிக்கின் நுனி பாட்டிலின் கழுத்தில் படாமல் உள்ளே போய் வர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். அவள் பக்கத்தில் நின்று ஃபோனில் படம் பிடித்தாள். கால் வைத்த விதம் சரி. முழங்கை சரி. தலை ஆடவில்லை. கடைசி நொடியில் மட்டும் பின்கையின் நாலு விரலும் ஒன்றாக இறுகின. நுனி வலது பக்கம் விலகிப் பாட்டில் உருண்டு கீழே விழுந்தது. பத்துத் தடவை எடுத்தார்கள், பத்துத் தடவையும் விழுந்தது.

"டாக்டர் சொன்னது சரிதான்" என்றாள் அவள். "பாவம் இந்த பாட்டிலு, அது உங்கள என்ன பண்ணுச்சு?"

ஆறு வாரம் அவர் அந்தப் பாட்டிலை விடவில்லை. விரல்களைத் தளர்த்தி, ஸ்டிக்கைக் கையில் தொங்கவிட்ட மாதிரி வைத்துக்கொண்டு, பின்னால் இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, நேராக விடுவது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஐம்பது தடவை, வந்ததும் ஐம்பது தடவை. மெல்ல மெல்லப் பாட்டில் அசையாமல் படுத்திருக்கக் கற்றுக்கொண்டது. அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் அடுத்த சனிக்கிழமை வரைக்கும்தான் நிலைத்தது. தன் கையையே ஆறு வாரம் உற்றுப் பார்த்தவருக்கு இப்போது அடுத்தவன் கையும் கண்ணில் பட ஆரம்பித்திருந்தது. நெட்டை குனிந்தான். விரல்கள் தளர்வாக இருந்தன. பின்னால் இழுத்தான், நிறுத்தினான், நூல் பிடித்த மாதிரி விட்டான். பல் டாக்டர்கூட இவ்வளவு சுத்தமாக அடிக்கவில்லை. ஆனால் பந்து குழியின் ஓரத்தில் ஒரு விரற்கடை தள்ளி இடித்துத் திரும்பி வந்தது.

"சே, போச்சுண்ணே" என்றான் நெட்டை.

அடுத்த ஆட்டத்தில் ஃபோர்மேன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். உள்ளே விழுந்த பந்துகளுக்கு நெட்டை ஒரு மாதிரி நின்றான். தவறிய பந்துகளுக்குக் குனிவதற்கு முன்பே பின்காலை அரைச் செருப்பு அளவு நகர்த்திக்கொண்டான். அந்தக் கால் போன திசைக்குத்தான் பந்தும் போனது. ஆக, அவன் தவறவில்லை. எங்கே குறி வைத்தானோ அங்கேயே அடித்தான். மீதி ஆட்டங்களில் ஏழு தடவை அந்தக் கால் நகர்ந்தது. மூன்றுக்கு இரண்டு என்று ஃபோர்மேன் ஜெயித்தார்.

"இன்னிக்கு உங்க கை நல்லா இருக்குண்ணே" என்றான் அவன். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஃபோர்மேனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எரிந்தது. பிறகு எரிச்சல் போய் வேறொன்று வந்து உட்கார்ந்தது. பூல் கிடக்கட்டும். இவன் வேலையில் சொல்வதெல்லாம் என்ன? அறுபத்தோரு லிஃப்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. பிரேக்கை மட்டும் ஃபோர்மேன் தன் கையாலேயே அளந்து வைப்பார். அதை வேறு யாரிடமும் விட்டதில்லை. கயிறு, கதவு, மற்ற எல்லாம் நெட்டை. வேலை முடிந்ததும் "நீங்க கீழ போங்கண்ணே, நான் துடைச்சுட்டு வரேன்" என்பான். அரை மணி கழித்து வந்து "எல்லாம் சரியா இருக்குண்ணே" என்பான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஃபோர்மேன் கையெழுத்துப் போடுவார். முகத்துக்காகத் தோற்கிறவன் முகத்துக்காகச் 'சரியா இருக்கு' என்றும் சொல்லமாட்டானா? அறுபத்தொன்றில் இரண்டு, ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தன. படுக்கையோடு நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகிற லிஃப்டுகள்.

திங்கட்கிழமை நெட்டையிடம் தலைமை அலுவலகம் போவதாகப் பொய் சொல்லிவிட்டுத் தனியாக ஆஸ்பத்திரி மொட்டை மாடிக்கு ஏறினார். அங்கே ஒரு சின்ன அறையில்தான் மோட்டாரும் பிரேக்கும் இருக்கின்றன. லிஃப்டை நகராமல் பூட்டிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். குறை கண்டுபிடித்தே தீருவது என்றுதான் வந்திருந்தார். கயிற்றை விரலால் தடவினார். ஒவ்வொரு மாடியிலும் கதவுகளைத் திறந்து மூடிவிட்டு மறுபடி மேலே வந்தார். எண்ணெய் சொட்டுகிறதா என்று மண்டியிட்டுப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அது அவர் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

கடைசியில் பிரேக்குக்கு வந்தார். சுழலும் உருளையின் இரண்டு பக்கமும் இரண்டு கட்டைகள். லிஃப்ட் நிற்கும்போது அவை உருளையை இறுக்கிப் பிடிக்கும். ஓடும்போது மயிரிழை விலகி நிற்கும். அந்த இடைவெளியை ஒரு போல்ட்டால் வைத்து, நட்டால் பூட்ட வேண்டும். பூட்டியதும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே ஃபோர்மேன் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுப்பார். யாராவது தொட்டால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கோடு உடையவில்லை. ஆனால் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனபோது அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவர் போட்ட கோடு இல்லை. அவருடைய கோட்டை யாரோ துடைத்திருந்தார்கள். போல்ட்டின் தலையில் அதன் மிச்சம் கால் சுற்று தள்ளி மங்கலாகத் தெரிந்தது.

"அடப்பாவி" என்றார் வாய்விட்டு. "என் பிரேக்குலயே கை வச்சிருக்கான்."

தன்னைக் கவிழ்க்கத்தான் இந்த வேலை என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. பூட்டிய லிஃப்டின் பிரேக்கை நெம்புகோலால் விடுவித்து, மெல்லிய எஃகுத் தகட்டைக் கட்டைக்கும் உருளைக்கும் நடுவே விட்டு அளந்தார். அளவு அச்சாகச் சரியாக இருந்தது. இரண்டு பக்கமும் சரியாக இருந்தது. நம்பாமல் மறுபடி அளந்தார். பிறகு போல்ட்டைத் தன்னுடைய பழைய கோட்டுக்குத் திருப்பி அளந்தார். இடது பக்கம் தகடு நுழையவே இல்லை. அந்தக் கட்டை உருளையில் உரசியபடியே இருந்திருக்கும். தேய்ந்து தேய்ந்து ஒருநாள் பிடிக்காமல் விட்டிருக்கும்.

நெட்டை வைத்த இடத்துக்கே போல்ட்டைத் திருப்பினார். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அளந்து முடித்த பிறகு நட்டைப் பூட்டும்போது 'எதுக்கும் இருக்கட்டும்' என்று கடைசியாக ஓர் இறுக்கு இறுக்குவது அவர் வழக்கம். அந்த இறுக்கில் போல்ட்டும் கூடவே திரும்பியிருக்கிறது. பூட்டிய பிறகு அவர் மறுபடி அளந்ததே இல்லை. தன் கைமேல் அவ்வளவு நம்பிக்கை. அன்றைக்கே இன்னும் மூன்று கட்டடங்களுக்குப் போனார். மூன்றிலும் துடைத்த கோடு, கால் சுற்று தள்ளிப் புதுக் கோடு.

அவர் திரும்பி வந்தபோது நெட்டை கம்பெனிப் பட்டறையின் பின்பக்கம் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான். ஃபோர்மேனின் முகத்தைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டான்.

"என் பிரேக்க தொட்டியா?"

"தொட்டேண்ணே."

"எத்தன?"

"எல்லாத்தையும்தான்."

"எத்தன வருஷமா?"

"நான் வந்த ரெண்டாவது மாசத்துலேருந்து."

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

நெட்டை டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "வெல்டர் சொன்னாருல்லண்ணே."

நெட்டை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் அந்த வெல்டர் ஒருமுறை மேனேஜரின் எதிரிலேயே "நீங்க வச்ச தாங்கி கோணலா இருக்கு" என்று ஃபோர்மேனிடம் சொன்னார். தாங்கி கோணலாகத்தான் இருந்தது. ஒரே வாரத்தில் வெல்டர் ஊர்க்கோடியில் இருந்த கிடங்குக்கு மாற்றப்பட்டார். அவருக்கே வேலை பிடிக்காமல் போய்விட்டது என்று ஃபோர்மேன் எல்லோரிடமும் சொல்லிவந்தார். சொல்லிச் சொல்லி அவரே நம்பியும்விட்டார். மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்தது யார் என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. இவ்வளவு நாள் கழித்து வருகிற வெட்கம் என்பதால் எங்கே வைத்துக்கொள்வதென்றே அவருக்குத் தெரியவில்லை.

"அப்ப பூல்ல? அங்கயும் வேணும்னுதான தோத்த?"

"லிஃப்ட்ல ஜனங்க ஏறி இறங்குறாங்கண்ணே. அத அப்படியே விட முடியாது" என்றான் நெட்டை. "மேசையில வெறும் பந்துதான. போகட்டும்னு விட்டுட்டேன்."

ஃபோர்மேன் திரும்பிப் போய்விட்டார். வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவளாவது நெட்டையைத் திட்டுவாள் என்று ஒரு நப்பாசை. அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "நாளைக்கு எந்த லிஃப்ட்?"

மறுநாள் ஒரு பத்து மாடிக் குடியிருப்பு. வழக்கம்போலக் கயிறு, கதவு எல்லாம் முடிந்து பிரேக்குக்கு வந்தார்கள். நெட்டை துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு ஒதுங்கப் பார்த்தான்.

"இங்கயே நில்லு" என்றார் ஃபோர்மேன். "பார்த்துட்டுச் சொல்லு."

அளந்தார். போல்ட்டை வைத்தார். நட்டைப் பூட்டினார். ஸ்பானர் பிடித்த கை அவரைக் கேட்காமலேயே கடைசியில் ஒரு முறை இறுகியது. ஆறு வாரப் பாட்டில் பயிற்சி ஸ்டிக்குக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

"சரியா இருக்கா?"

நெட்டை தரையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். வெல்டரையும் அந்தக் கிடங்கையும் நினைக்கிறான் என்பது ஃபோர்மேனுக்கு அவன் முகத்திலேயே தெரிந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவன் மாதிரி, "இல்லண்ணே" என்றான்.

அடிவயிற்றிலிருந்து கோபம் கிளம்பியது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நட்டைத் தளர்த்தினார். மறுபடி அளந்து, மறுபடி பூட்டினார்.

"இப்ப?"

"இல்லண்ணே. போல்ட்டும் கூடவே வருது."

மூன்றாவது தடவையும் பூட்டினார். இந்தத் தடவை அவர் கேட்பதற்கு முன்பாகவே நெட்டை "இல்ல" என்றான். கூட ஒரு 'அண்ணே' இல்லை. அவன் குரலில் பயமும் இல்லை. ஃபோர்மேனுக்குச் சுருக்கென்று வலித்தது. அந்த வலியோடேயே ஸ்பானரைத் திரும்ப நட்டில் மாட்டினார்.