டீச்சரம்மா அசைபோடுவாளா

1
இந்தக் கதை ஒரு மின்விசிறியின் தயவில் பிறந்தது. வெயிலில் கறவை மாடுகள் படும் பாட்டைப் பற்றி ஒரு மாத இதழ் கட்டுரை கேட்டது. அக்காவின் பால் பண்ணையில் இருந்து எழுதினால் தத்ரூபமாக இருக்கும் என்று வந்தேன். வந்தவன் ஆபீஸ் அறையில் ஸ்டாண்ட் ஃபேனுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். கட்டுரை தானாகக் கதையாகிவிட்டது.

‘நெருப்புக் கோளமாய்ச் சூரியன்…’ (வேண்டாம். சூரியனைப் பாடியவர்கள் போதும்.)

‘கொட்டகையில் ஒரு பசு நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டிருந்தது.’ (இது இருக்கட்டும். ஜன்னல் வழியே தெரிகிறது.)

2
அவள் பெயர் டீச்சரம்மா. வரிசை மீறும் மாட்டை ஒரே முட்டில் திருத்திவிடுவாள். இப்போது சினை. இரண்டு நாளாகத் தீவனத்தைத் தொடவில்லை, அசைபோடவில்லை, பால் பாதியாகிவிட்டது. படுக்கவும் மாட்டேன் என்கிறாள். சூடேறிய மாடு படுக்காது. நின்றால் உடம்பில் கொஞ்சம் காற்றாவது படும்.

காலையில் வந்த மாட்டு டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

“சூடு இறங்கலேன்னா வயித்துல இருக்கற கன்னு தங்காது. இவளும் தங்கறது சந்தேகம்.”

3
கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். அத்தானைப் போட்டுப் பார்த்தேன். வெயில் வரக்கூடாது என்று கொட்டகையின் நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டியவர் அவர்தான். உள்ளே ஹோஸ் பிடித்து நாள் முழுக்கத் தண்ணீர் அடித்தவரும் அவர்தான். காற்றில்லாத இடத்தில் ஈரம் எங்கே காயும்? கொட்டகை மூடிபோட்ட பானையாகிவிட்டது.

“நல்லதுன்னு நெனச்சுத்தான் கட்டினேன்,” என்றார் அத்தான், தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டே.

(வில்லன் ரத்து. சொட்டச் சொட்ட நனைந்து, மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்கிற ஆளை வைத்து நான் என்ன செய்வது?)

4
அக்கா வந்தாள்.

“வெளிய எல அசையலடா. அந்த ஃபேன் வேணும்.”

“கடைசிப் பாராக்கா. முடிச்சிட்டுத் தரேன்.”

“அப்படி எதப் பத்தி எழுதற?”

“மாடு வெயில் தாங்காததப் பத்தி.”

அக்கா பிளக்கைப் பிடுங்கி ஃபேனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

5
முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன்.

(அ) நனைந்த முதுகில் காற்றுப் பட, டீச்சரம்மா மெல்லப் படுத்து அசைபோடத் தொடங்குகிறாள். இதழ்க்காரர்களுக்குப் பிடிக்கும்.

(ஆ) விடிந்து பார்த்தபோது கொட்டகையில்…

இதற்குமேல் எழுத வரவில்லை. வியர்வை சொட்டித் தாள் நனைகிறது. வெயிலில் மாட்டுக்குப் பால் குறைவதுபோல் எனக்கு வரி குறைகிறது. என் வரி குறைந்தால் யாரும் டாக்டரைக் கூப்பிடப்போவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கொட்டகையிலிருந்து அத்தான் குரல் வருகிறது.

“மாப்ள, தரை சரிவா இருக்கு, ஃபேன் நிக்கமாட்டேங்குது. வந்து பிடிச்சுக்க.”

டீச்சரம்மா இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் போகிறேன். உங்கள் தலைக்கு மேல் விசிறி ஓடினால் மீதியை நீங்களே எழுதிவிடுங்கள்.

பார்த்து எழுதுங்கள். சினைமாடு.