நாலாம் பக்கத்தில் சிரிப்பவள்

எனிஃபா கடுகுக்கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நாலு எட்டு தள்ளி, அவளுடைய தக்காளிச் செடிகளுக்கு நடுவே சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சி ஒன்றைச் சுத்தியலால் அடித்து இறக்கிக்கொண்டிருந்தான் ஒருவன். காய் பிடித்த செடி ஒன்று அவன் காலடியில் நசுங்கிக் கிடந்தது.

“யாருய்யா நீ? கண்ணு தெரியல? செடி மேல நிக்கிற!”

“எங்கிட்ட எதுக்கும்மா கத்துற? நான் கூலிக்கு வந்தவன். இந்த எடம் கரும்புக் கம்பெனிக்குப் போவுது. உங்க ஊருதானே எழுதிக் கொடுத்துச்சு!” என்றவன், பையிலிருந்து மாவட்ட அலுவலகம் அச்சடித்த வழவழப்பான புத்தகம் ஒன்றை உருவி அவள் கையில் திணித்துவிட்டு அடுத்த குச்சியை எடுத்தான்.

எழுதிக் கொடுத்ததாம். யார் எழுதிக் கொடுத்தது? அந்த ஆற்றோரத் தோட்டம் அவள் அம்மாவுடையது. அதற்கு முன் அம்மாவின் அம்மாவுடையது. அந்தப் பக்கத்தில் நிலம் பெண் வழியாகத்தான் இறங்கும். கல்யாணம் ஆனால் ஆண்தான் மூட்டையைக் கட்டிக்கொண்டு மனைவியின் ஊருக்கு வருவான். டிசம்பரில் தொடங்கும் மழைக்காலத்தில் தோட்டம் தண்ணீருக்கடியில் கிடக்கும். மே மாதம் தண்ணீர் வடிந்ததும் கீரை, தக்காளி, பீன்ஸ், பச்சைச் சோளம் என்று மண் அள்ளி அள்ளிக் கொடுக்கும். மேட்டு நிலத்துச் சோளம் பொய்த்த வருஷங்களில் எனிஃபாவின் மூன்று பிள்ளைகளும் பட்டினி கிடக்காததற்கு இந்தத் தோட்டம்தான் காரணம்.

வீட்டு வாசலில் களிக்கு மாவு சலித்துக்கொண்டிருந்த தங்கை மெரியாவைத் தாண்டிப் போய், புத்தகத்தைப் புருஷன் லாஸ்டனின் மடியில் எறிந்தாள். “படி!”

லாஸ்டன் ஏழாம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்தவன். நாலாம் பக்கத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. “ஏய், இதுல நீ இருக்க! ‘எங்கள் மாவட்டத்தின் பாரம்பரியம்’னு போட்டு உன் படம்!”

ஆமாம், அவள்தான். தலையில் கூடை, கூடை நிறையப் பூசணிக்கீரை, வாய் நிறையச் சிரிப்பு. போன வருஷம் யாரோ வந்து எடுத்த படம். பதினோராம் பக்கத்தில் நிர்வாகம்: மக்களைக் கேட்டுத்தான் எல்லாம் செய்கிறோம் என்று அரைப் பக்கம் பீற்றல். ‘முதலீட்டு வாய்ப்புகள்’ பகுதி வந்தபோது லாஸ்டனின் குரல் இறங்கியது.

“பத்தொம்பதாம் பக்கம். ‘ஆற்றோரம் இருநூறு ஹெக்டேர் காலி நிலம். சாகுபடி இல்லை. ஊரார் ஒப்புதல் கையெழுத்துடன் பெறப்பட்டது.’” கீழே அச்சாகியிருந்த கையெழுத்து வரிசையில் முதல் பெயர் அவனுடையது.

எனிஃபாவுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் புருஷனின் கையெழுத்து தெரியும். “இது என்ன?”

“ஜனவரில ஆபீஸருங்க வந்தாங்க. நீங்கல்லாம் மேட்டுக்காட்டுல களையெடுக்கப் போயிருந்தீங்க. தோட்டத்துப் பக்கம் கார்லேர்ந்து எறங்கிப் பாக்கக்கூட இல்ல. எங்க பாத்தாலும் தண்ணி, சாகுபடியே இல்லன்னாங்க. பிஸ்கட்டும் கலரும் கொடுத்தாங்க. யாரு யாரு வந்தாங்கன்னு பேரு போடச் சொன்னாங்க...”

“மேல என்ன எழுதியிருந்துச்சு?”

“மேல... ஒண்ணும் இல்ல. வெள்ளையா இருந்துச்சு.”

“அட நாசமாப் போறவனே! ஒரு பிஸ்கட்டுக்கு எங்கம்மா நெலத்த எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கியே! வீட்டோட மாப்பிள்ளையா வந்தவன் வாயைத் தொறந்து ஒரு வார்த்தை, ‘எம் பொண்டாட்டியக் கேளுங்க’ன்னு சொல்ல முடியல?”

மெரியா சல்லடையைக் கீழே வைத்தாள். “அத்தான் மட்டும் இல்லக்கா. எங்க வீட்டு மகராசனும் அதுல இருப்பான் பாரு.” இருந்தான். கையெழுத்துப் போட்ட முப்பத்தெட்டுப் பேரும் இந்த ஊருக்கு வாழ வந்த புருஷன்மார்கள்தான்.

மறுநாள் காலை ஆற்றோரத்தில் தோட்டம் உள்ள பதினான்கு பெண்கள் மாவட்ட அலுவலகத்தில் போய் நின்றார்கள். லாஸ்டனையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள் எனிஃபா. திட்ட அதிகாரி மகுண்டா நாற்காலியை விட்டு எழவில்லை.

“புத்தகம் அச்சாயிடுச்சும்மா. நாளைக்கு முதலீட்டாளருங்க வர்றாங்க. உங்க ஊர்க்காரங்க கையெழுத்து தெளிவா இருக்கு.”

எனிஃபா வாயெடுக்கும் முன் லாஸ்டன் முன்னால் வந்தான். “ஐயா, நான் அந்த ஊர்க்காரன் இல்ல.”

“இருவது வருஷமா அங்கதானேய்யா இருக்க?”

“இருக்கேன். ஆனா செத்தா எம் பொணத்த எங்கம்மா ஊருக்குத்தான் தூக்கிட்டுப் போவாங்க. பொதைக்க ஆறடி எனக்கு இல்லாத எடத்துல, இருநூறு ஹெக்டேர் குடுக்க நான் யாரு? இது உங்களுக்குத் தெரியாதா ஐயா? உங்க அப்பாவும் இந்தப் பக்கம் பொண்ணு கட்டி வந்தவருதானே?”

மகுண்டாவுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பெண்கள் காட்டுக்குப் போன நேரமாகப் பார்த்துக் கூட்டம் போட்டிருந்தார்.

எனிஃபா மேசை மேலிருந்த புத்தகத்தை எடுத்தாள். நாலாம் பக்கத்தைப் பிரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இந்தக் கீரை எங்க பறிச்சது தெரியுமா? நீ காலின்னு எழுதுனியே, அங்க. காலி நெலத்துல சிரிச்சிக்கிட்டு நிக்கிறது யாரு? பேயா?”

சர்ரென்று பக்கத்தைக் கிழித்தாள். “அச்சடிச்ச அத்தனை புத்தகத்தையும் கொண்டா. எல்லாத்துலயும் கிழிக்கிறேன். இல்ல, பத்தொம்பதாம் பக்கத்த நீ கிழி. ரெண்டும் ஒரே புத்தகத்துல இருக்கக் கூடாது.”

பதினான்கு பெண்களும் நகரவில்லை. வேறு வேலையாக வந்து வெளியே காத்திருந்தவர்கள் கதவருகே கூடிவிட்டார்கள். எல்லோர் கண்ணும் மகுண்டாவின் மேல் இருந்தது. அவர் தலை நிமிராமலே போனை எடுத்து, குச்சிகளைப் பிடுங்கச் சொன்னார். பிறகு, “மேல கேட்டா நான் என்னம்மா சொல்றது?” என்றார் ஈனசுரத்தில்.

“உண்மையச் சொல்லு! எங்க படத்தப் போட்டுப் பெருமையடிக்கத் தெரியுதில்ல, நெலத்தத் தர்றியான்னு எங்க மொகத்தப் பாத்துக் கேக்கவும் தெரியணும். உழைக்கிறவளக் கேக்காம வாங்குன ஒப்புதலுக்குப் பேரு ஒப்புதல் இல்ல, திருட்டு.” அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “நீயும் நல்லாக் கேட்டுக்க. மேல என்ன எழுதப்போறான்னு தெரியாத காகிதத்துல கீழ பேரு போடுறவன், திருடனுக்குக் கதவத் தொறந்து விடுறவன்.”