ஹாரன் வீட்டு வால்வு

அவர் வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் வேறு. கட்டடமே அவருக்கு ஹாரன் என்று பெயர் வைத்துவிட்டது. மனைவி போனபின் முதல் மாடியில் தனியாக இருந்தார். நேர் கீழ்வீட்டில் தையல்காரி. வாயும் மிஷினும் ஒரே வேகத்தில் ஓடுகிற பெண்பிள்ளை. இருவருக்கும் ஏழாம் பொருத்தம். அவர் துணியைப் பிழியாமல் காயப்போடுவார், அது இவள் ஜன்னலில் சொட்டும்.

அன்றைக்குச் சொட்டியது, இஸ்திரி போட்டு ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த பட்டு ரவிக்கையில். தைக்கக் கொடுத்தவர் வாங்க வருகிற நேரம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அண்ணே, கொஞ்சம் பிழிஞ்சு போட்டா கை தேஞ்சா போயிடும்?”

“மழை பெஞ்சா மேகத்தோடயும் சண்டைக்குப் போவியாம்மா?”

கேட்டுக்கொண்டிருந்த வீடெல்லாம் சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று மொட்டைமாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டியடியில் வீட்டுக்கு ஒரு வால்வு உண்டு. ஹாரன் வீட்டு வால்வை இறுக்கி அடைத்தாள். கொஞ்ச நேரம் திண்டாடட்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் ரவிக்கையைத் துவைத்து, உலர்த்தி, மறுபடி இஸ்திரி போடுகிற அமளியில் வால்வு அடியோடு மறந்துபோயிற்று.

குழாய் வறண்டு கிடக்கவே, ஹாரன் வாளியோடு முற்றத்துக் குழாய்க்கு இறங்கினார். நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது படியில் வழுக்கி விழுந்தார்.

அலறல் கேட்டு எல்லாரும் ஓடினார்கள். தையல்காரியும்தான் ஓடினாள். ஆனால் அவள் ஓடியது அவரிடம் அல்ல. அவரைத் தாண்டி, மொட்டைமாடிக்கு. மேலே போய்த் தலையணை எடுத்துவரப் போகிறாள் என்று நினைத்து ஒருவர் ஒதுங்கி வழிகூட விட்டார். விழுந்து கிடந்த மனிதருக்கு ஒரு கை கொடுக்காமல், முதலில் வால்வைத் திறந்தாள். பயம் வந்தால் மனிதப் பிறவி இவ்வளவுதான் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஹாரனின் இடுப்பெலும்பில் தகடு வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பிறகு அந்தக் கட்டடம் நடந்துகொண்ட விதத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. சுவரில் ஆணி அடித்தாலே சண்டைக்கு வருகிறவர்கள் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் குளிப்பாட்டினார். அவர் மனைவி சோறு கொண்டுவந்தாள். காலைக் காப்பி தையல்காரி முறை. அடுத்தவர் முறையையும் இவளே பிடுங்கிக்கொண்டாள்.

“தங்கமான மனசும்மா உனக்கு. கூடப்பிறந்தவகூட இப்படிப் பார்க்க மாட்டா,” என்றாள் எலக்ட்ரீஷியன் மனைவி.

தையல்காரிக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போலிருந்தது. சிரித்து வைத்தாள். வேறென்ன செய்ய?

வெளியூரிலிருந்த ஹாரனின் மகள் வந்து சேர்ந்தாள். வந்தவள் பெட்டி கட்ட ஆரம்பித்தாள். காலையில் எல்லாரும் கூடியிருந்தபோது விஷயத்தைச் சொன்னாள்.

“அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன். அவருக்கு ஞாபகம் தப்புது. அன்னைக்கு இவர் விழுந்தப்புறம் இவர் வீட்டுக் குழாயை யார் திறந்து பார்த்தாலும் தண்ணி நல்லா வந்துச்சாம். இவர் வரலைன்னு வாளியைத் தூக்கிட்டுப் போயிருக்காரு. இனி தனியா விட முடியாது. வீட்டைக் காலி பண்றோம்.”

“திறந்தேன்னுதான் நினைச்சேன்,” என்றார் அவர். ஹாரன் சத்தமே இல்லை. “திறக்கலை போல. மண்டை குழம்பிடுச்சு. மத்தவங்களுக்கு எதுக்குப் பாரம்?” சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தையல்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. உடைத்தது இடுப்பை மட்டும் அல்ல. இவ்வளவு நாள் தான் ஊற்றிய காப்பியெல்லாம் அவருக்காக அல்ல, தனக்காகத்தான் என்பதும் உறைத்தது. பேசாமல் இருந்தால் தப்பித்துவிடலாம். அவரோ பைத்தியக்காரப் பட்டத்தோடு வீட்டை விட்டுப் போவார்.

“அண்ணே, நீங்க திறந்தீங்க. தண்ணிதான் வரலை. வால்வை அடைச்சது நான். நீங்க விழுந்ததும் ஓடிப்போய்த் திறந்துவிட்டதும் நான்.”

வழிவிட்டவர் தலையைக் குனிந்துகொண்டார். எலக்ட்ரீஷியன் மனைவி ஓரடி பின்னால் நகர்ந்தாள். மகள் கொதித்துப்போனாள்.

“சீ, நீங்கள்லாம் மனுஷியா? இனி இந்த வாசல்ல கால் வைக்காதீங்க!”

“இரு!” என்று கட்டடம் அதிர ஒரு சத்தம். ஹாரன்தான். “அப்போ நான் திறந்தேன்? நிஜமாத்தானே சொல்றே? என் புத்தி சரியாத்தான் இருக்கா?”

“சரியாத்தான் இருக்குண்ணே. என் புத்திதான் கெட்டுப்போச்சு.”

அவர் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் எங்கேயும் வரப்போவதில்லை என்று மகளிடம் சொன்னார். தையல்காரியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை பிளாஸ்க்கோடு படியேறிவிட்டாளே தவிர, வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே கட்டிலோரம் நின்ற மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாளே ஒழிய, தடுக்கவில்லை.

“யாரது வெளியில? உள்ள வா,” என்றார் ஹாரன்.

வந்தாள். டம்ளரை எடுத்தாள்.

“காப்பி இருக்கட்டும். மொதல்ல போய்க் குழாயைத் திற.”

குளியலறைக்குப் போய்த் திறந்தாள்.

“வருதா?”

“வருதுண்ணே.”

அவர் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சரி, மூடிட்டு வா. காப்பி ஆறுது.”