திங்கட்கிழமை மழை

எங்கள் கொல்லிமலையில் சனி, ஞாயிறு மழை பெய்யாது. இதை நான் சொல்லவில்லை, அரசாங்கப் பதிவேடு சொல்கிறது. தீபாவளிக்குப் பெய்யாது, பொங்கலுக்குப் பெய்யாது, காலண்டரில் சிவப்பு மையில் போட்ட எந்த நாளிலும் ஒரு தூறல் விழாது. திங்கட்கிழமை காலையில் மட்டும் வானம் திடுக்கிட்டு எழுந்து வேலை பார்க்கும். வருண பகவானும் மாதச் சம்பளக்காரர்தான் போலிருக்கிறது.

இந்த விவரம் தெரியாத என் வீட்டுப் பின்சுவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு விழுந்து தொலைத்தது. ஐப்பசி மழை. வெள்ளி இரவு பிடித்தது விடவேயில்லை. மண்சுவர், அது எவ்வளவுதான் குடிக்கும்? அந்தச் சுவரோரம் கட்டிலில் படுத்திருந்த என் மாமனார் அப்பாசாமியின் வலது கால்மேல் பாதிச் சுவர் கிடந்தது. என் வீட்டுக்காரர் யுவராஜ் போர்வெல் லாரியோடு மத்தியப் பிரதேசத்தில் எங்கோ பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் நானுமாக மாமாவைப் போர்வையில் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு நாற்பது. வழி முழுக்க அவர், கட்டிலை யாராவது நனையாமல் எடுத்துப் போட்டீர்களா என்றே கேட்டுக்கொண்டு வந்தார்.

மழையில் வீடு இடிந்தவர்களுக்கு அரசு கான்கிரீட் வீடு கட்டித் தருகிறது. அந்தப் பட்டியல் மாதக் கடைசியோடு முடிந்துவிடும். பெயர் ஏறினால் நான்கு சுவர். ஏறாவிட்டால் காலில் மாவுக்கட்டோடு இருக்கிற எழுபது வயது மனுஷர் கார்த்திகை, மார்கழிக் குளிரை மூன்று சுவருக்குள் கழிக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அந்த நாலாவது சுவர் ஒன்றுதான்.

மனுவோடு வருவாய் ஆய்வாளர் நல்லுசாமியிடம் போனேன். கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர், நல்ல மாதிரி, உட்காரச் சொல்லிவிட்டுத்தான் இல்லையென்று சொல்வார். மழைப் பதிவேட்டை விரித்து, விரலை வைத்துத் தேடினார். தினமும் காலை எட்டரைக்கு மழையை அளந்து எழுத வேண்டுமாம். ஞாயிறு காலை எட்டரைக்குப் பூஜ்யம் என்று இருந்தது. திங்கள் காலை எட்டரைக்கு நாற்பத்திரண்டு மில்லி. அதாவது, ஞாயிறு எட்டரைக்கு அப்புறம்தான் மழை தொடங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஏம்மா, சுவர் மொதல்ல விழுந்திருக்குது. மழை அப்பறந்தான் வந்திருக்குது" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பே இல்லை. மூன்று நாள் மழையில் அந்த அலுவலகச் சுவரே பாசி பிடித்து ஒழுகிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே உட்கார்ந்துதான் இதைச் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன், ஒரு மலை நனைந்த மழையை ஒரு பூஜ்யத்துக்குள் மறைத்தவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் நல்லுசாமிக்கும் மனசு இளகியது. ஆஸ்பத்திரிச் சீட்டில் திங்கட்கிழமை என்று மாற்றி வாங்கி வந்தால் போதும், சுவரும் மழையும் ஒத்துப்போய்விடும், அன்றைக்கே பெயரை ஏற்றிவிடுகிறேன் என்றார்.

பொய்தான். அதனால் என்ன, கான்கிரீட் பொய்யாகவா இருக்கப் போகிறது என்று நேரே நர்ஸ் அமலோற்பவத்திடம் போய் நின்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் லீவு. இவர் ஒருத்தர்தான் இருந்து, மாமாவின் காயத்தைத் தைத்து, கட்டுப் போட்டு, எலும்பு முறிவைப் பார்க்க மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டியும் பிடித்துக் கொடுத்தவர். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"அன்னிக்குப் பூசைக்குக்கூடப் போகாம இங்க நின்னேன் சுகுணா. அதுக்கு ஆண்டவர்கிட்ட நான் பதில் சொல்லிக்குவேன். பொய்த் தேதிக்கு என்னால பதில் சொல்ல முடியாது. மழை அளக்கிறவனப் போயி மாத்தச் சொல்லு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இந்த மலையில் ஒழுங்காக வேலை பார்த்தது இரண்டே பேர், அந்த அம்மாவும் மழையும். இரண்டு பேரும் சேர்ந்து என் வீட்டைக் கெடுத்தார்கள்.

சரி, மழை அளக்கிறவர் யாரென்று பார்த்தால் நந்தகுமார் என்று ஒரு பையன் மாதிரியான ஆள். துறையூர்க்காரர். அலுவலகத்துப் பின்னால் இருக்கிறது அந்த மழைமானி. ஒரு புனல், அடியில் ஒரு குப்பி, சுற்றிலும் கம்பி வேலி, வேலிக்கு ஒரு பூட்டு, சாவி அவர் பாக்கெட்டில். போன வருஷம் தானாகவே அளக்கிற கருவி ஒன்றையும் பக்கத்தில் நட்டார்கள். குரங்கு ஒயரைப் பிடுங்கிவிட்டது. அதனால் வானத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடுவே இருப்பது நந்தகுமார் ஒருவர்தான். அவர் வெள்ளிக்கிழமை நாலு மணி பஸ்ஸில் ஊருக்குப் போனால் திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான் மலையேறுவார். வந்து எட்டரை என்று போட்டு எழுதுவார்.

நேராகக் கேட்டதும் அவர் மறைக்கவில்லை. மனைவிக்கு இப்போதுதான் பிரசவமாம். மூன்று நாள் மழையில் குப்பி நிறைந்து வழிந்துவிட்டதாம். வழிந்தது போக இருந்ததை அளந்தார். அதையும் அப்படியே எழுதினால் ஒரே நாளில் இவ்வளவா என்று மேலே கேள்வி வரும் என்று பாதியாகக் குறைத்துக்கொண்டார். எவ்வளவு பெய்தது என்பது கடவுளுக்குத்தான் தெரியும், அவரும் எழுதி வைக்கவில்லை. இப்போது திருத்தினால் நாலு வருஷப் பதிவேட்டையும் தோண்டுவார்கள், வேலை போய்விடும் என்று கண் கலங்கினார்.

"உங்க வேல போவக் கூடாதுங்க சாமி. எங்க ஊடு போலாமுங்களா?" என்றேன்.

பாவமாகவும் இருந்தது, பளாரென்று ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரமே எங்கள் பட்டிக்கு ஒரு பெண் வந்தாள். ரஞ்சிதா. கொல்லிமலை மழையைப் பற்றித்தான் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. ரேஷன் கடை முன்னால் எங்களை உட்கார வைத்து, லேப்டாப்பில் படம் போட்டு அழகாகச் சொன்னாள். மேலே போகப் போகக் காற்று ஏன் குளிர்கிறது, வங்கக் கடலிலிருந்து வருகிற கீழ்க்காற்று ஈரத்தோடு மலையில் மோதி எப்படி மேலேறி மேகமாகிறது, கிழக்குச் சரிவில் கொட்டிவிட்டு மேற்குச் சரிவுக்கு ஏன் மிச்சத்தை மட்டும் தருகிறது, எல்லாம் சொன்னாள். அத்தனையும் சரி. எங்கள் மிளகுக் கொடியும் அதைத்தான் சொல்கிறது. பூமத்திய ரேகையையும் பசிபிக் கடலையும்கூட விட்டுவைக்கவில்லை.

அப்புறம் ஒரு படம் போட்டாள். ஏழு கம்பங்கள். திங்கட்கிழமைக் கம்பம் பனைமரம் உயரம். சனிக்கும் ஞாயிற்றுக்கும் கம்பமே இல்லை. இதுதான் அவள் கண்டுபிடிப்பு. வார இறுதியில் டூரிஸ்ட் வண்டிகள் எழுபது வளைவும் ஏறி வருகின்றனவே, அந்தப் புகையின் தூசு மேகத்துக்குள் போய் மழைத்துளியைப் பெருக விடாமல் இரண்டு நாள் பிடித்து வைக்கிறதாம், திங்கட்கிழமை வண்டிகள் இறங்கியதும் மொத்தமாகக் கொட்டுகிறதாம். வெளிநாட்டுக் கருத்தரங்கில் பாராட்டினார்களாம். எங்களில் பாதிப் பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டோம்.

எனக்குச் சிரிப்போடு ஒரு ஆசையும் வந்தது. படித்த பெண். பதிவேடு தப்பு என்று இவள் ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் நல்லுசாமி மறுக்க முடியாதே. தனியாகக் கூட்டிப்போய் நாலு மணி பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். என் வீட்டைக் காட்டினேன். விழுந்த சுவர், ஆஸ்பத்திரிச் சீட்டு, மாமாவின் கால் எல்லாவற்றையும் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. ரொம்ப நேரம் லேப்டாப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இது என் மூணு வருஷ உழைப்பு. அடுத்த மாசம் சமர்ப்பிக்கணும்" என்றாள்.

போவதற்கு முன் நோட்டில் ஏதோ எழுதினாள். நானும் எட்டாவது வரை படித்தவள்தான், எட்டிப் பார்த்தேன். மழை நாட்களைப் பற்றி உள்ளூர் மக்களின் நினைவு நம்பத்தக்கதாக இல்லை என்று எழுதியிருந்தாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவாவிட்டால் போகட்டும், என் காட்டுச் சுரைக்காயையும் இல்லையென்று எழுதிவிட்டுப் போகிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மாதக் கடைசி வந்தது. பட்டியலில் என் பெயர் இல்லை. கலெக்டருக்கு மேல்முறையீடு எழுதினேன், வழக்கம்போலப் பரிசீலனையில் இருந்தது. பின்பக்கம் சேலையையும் சாக்கையும் தைத்துக் கட்டினேன். மழை அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. மாமா இரவெல்லாம் இருமினார். காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல், கட்டிலை இன்று இந்த மூலைக்கு இழு, நாளை அந்த மூலைக்கு இழு என்பார். ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் மலையில் உள்ள எல்லா அலுவலகத்தையும் பெயர் சொல்லித் திட்டினேன். அவர் விட்டுப்போனதை எடுத்துக் கொடுப்பார்.

கார்த்திகை நடுவில் சேதி வந்தது. பதிவேட்டின்படி இந்த வருஷம் எங்கள் மலையில் மழை பற்றாக்குறையாம். விடுமுறையில் பெய்ததையும், குப்பியில் வழிந்ததையும், நந்தகுமார் பாதியாக்கியதையும் கழித்தால் வறட்சி வராமல் என்ன செய்யும்? விவசாயிகள் குட்டை வெட்டி மழைத் தண்ணீரைத் தேக்கி வைக்க, அதில் விரிப்பதற்குத் தடித்த பிளாஸ்டிக் தார்ப்பாய் இலவசமாகத் தருகிறார்கள் என்றார்கள். கொட்டுகிற மழையில், குடையைப் பிடித்துக்கொண்டு, வறட்சி நிவாரணம் வாங்க வரிசையில் நின்றோம்.

நல்லுசாமி படிவத்தை நீட்டினார். என் நிலத்தில் இந்தப் பருவத்தில் போதிய மழை பெய்யவில்லை என உறுதி கூறுகிறேன் என்று அச்சடித்திருந்தது. கூரையிலிருந்து ஒரு சொட்டு அதன்மேலேயே விழுந்தது. அவர் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா அந்த மேல்முறையீடு அவ்வளவுதாம்மா. மழையே இல்லைன்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி. யோசிச்சுப் போடு" என்றார் மெதுவாக.

யோசித்தேன். என் சுவர் சும்மாதான் விழுந்தது, மாமாவின் கால் சும்மாதான் முறிந்தது என்று என் கையாலேயே எழுதிக் கொடுப்பது அது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்திருந்தால் ஊரே என்னை மெச்சியிருக்கும். ஆனால் தார்ப்பாய் மேஜைமேல் மடித்து இருந்தது. தொட்டுப் பார்த்தேன். நல்ல கனம். கையெழுத்துப் போட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிப் போட்டோவும் எடுத்தார்கள்.

வீட்டுக்குத் தூக்கி வந்து, ஏணி போட்டு, விட்டத்தில் ஒரு முனையைக் கட்டினேன். மாமா கட்டிலில் இருந்தபடியே மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இது எதற்குக் கொடுத்தது, என்ன எழுதிக் கொடுத்து வாங்கினாய் என்று கேட்டார்.

"இந்த வருசம் மழையே பெய்யலீன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேனுங்க மாமா."

அவர் என்னைப் பார்த்தார், வெளியே பார்த்தார்.

"செரி கண்ணு. அந்த மூலைய இழுத்துக் கட்டு, காலு நனையுது."