கத்தி யார் கழுத்தில்

வக்கீல் எப்சிபா சட்டத்தை விளக்கிச் சொன்னபோது, ஜீப் டிரைவர் முத்துப்பாண்டிக்கு அதில் பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதியே அவனுக்கு வினையாக வந்து வாய்த்தது.

"அந்த நிமிசமே உங்க உசுரு போயிரும்னு ஒருத்தன் மிரட்டி, அந்தப் பயத்துல நீங்க செஞ்சிருந்தா சட்டம் உங்களை விட்டுரும். ஆனா மிரட்டல் உங்க உசுருக்கு வந்திருக்கணும். இன்னொருத்தர் உசுரைக் காப்பாத்தத்தான் செஞ்சேன்னா அதுக்கு வேற பிரிவு இருக்கு. அப்ப அந்த இன்னொருத்தர் கூண்டுல ஏறி நடந்ததைச் சொல்லணும். இப்பச் சொல்லுங்க, கத்தி யார் கழுத்துல இருந்துச்சு?"

முத்துப்பாண்டி சன்னலுக்கு வெளியே பார்த்தான். உத்தமபாளையம் கோர்ட்டு வாசலில் அவன் ஜீப்பில் போகும் பெண்கள் எல்லாரும் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றிருந்தார்கள். கடைசியில், முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நதியா நின்றாள்.

"என் கழுத்துலதாம்மா" என்றான்.

அவனுக்கு ஊர் பண்ணைப்புரம். விடியுமுன் ஊர்ப் பெண்களை ஜீப்பில் அடைத்துக்கொண்டு கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவான். சாயங்காலம் ஏற்றி வருவான். புளிமூட்டையாய் அடைத்தாலும் ஒரு பெண்ணுக்கும் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று சாயங்காலம் மெட்டுக்கு முந்தின வளைவில் ரோட்டின் குறுக்கே மரக்கிளை கிடந்தது. அதை நகர்த்த இறங்கினான். மூன்று பேர் வந்தார்கள். பின்சீட்டின் ஓரத்தில் இருந்த நதியாவை இழுத்து இறக்கிக் கழுத்தில் கத்தியை வைத்தார்கள். எங்கோ களவாண்ட ஏலக்காய் மூட்டைகளைப் பெண்களின் காலடியில் திணித்தார்கள்.

"செக்போஸ்ட்டைத் தாண்டி ரெண்டாவது வளைவுல வேன் நிக்கும். மூட்டையை அதுல போடு. நடுவுல வாயைத் திறந்தா இவ பொணம்" என்று ஒருத்தன் சொல்ல, நதியாவைக் காட்டுக்குள் கொண்டுபோனார்கள்.

முத்துப்பாண்டி வாயைத் திறக்கவில்லை. செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் தினமும்போலக் கையாட்டினார். அவனும் தினமும்போலச் சிரித்துக் கையாட்டினான். அங்கிருந்த கேமராவில் அவன் பயம் பதியவில்லை. சிரிப்பு மட்டும் பதிந்தது.

மூட்டைகள் கைமாறி, ஜீப் அங்கேயே வெகுநேரம் காத்து நின்ற பிறகு, பொழுது மசங்கும்போது நதியா தன்னந்தனியாக நடந்து இறங்கி வந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாசியில்தான் கல்யாணம் ஆனவள். புருசன் வினோத்ராஜ் தேனி மார்க்கெட்டில் கணக்குப் பார்க்கிறவன். மூன்று ஆம்பளைகளோடு காட்டுக்குள் இருந்துவிட்டு வந்தாள் என்று வெளியே தெரிந்தால் அப்புறம் என்ன? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அந்தச் சங்கடம் ஜீப்பில் இருந்த அத்தனை பேருக்கும் சொல்லாமலே புரிந்தது.

முன்சீட்டில் இருந்த கங்காணி பஞ்சம்மாள்தான் திரும்பிப் பார்த்து முடித்து வைத்தாள். "நதியா நம்ம கூடவேதான் வந்துச்சு. ஒருத்தி வாயிலிருந்தும் வேற சொல்லு வரக் கூடாது. கேட்டுச்சா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். நதியா ஆட்டினாளா இல்லையா என்று ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வேன்காரன் கம்பம் போலீசில் மாட்டியதும் முதலில் சொன்ன பெயர் முத்துப்பாண்டிதான். கூட்டாளி என்றே சொல்லிவிட்டான், பாவி.

கோர்ட்டில் முத்துப்பாண்டி தன் கதையைச் சொன்னான். கத்திக்காரன் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பெண்களின் காலடியில் பதுங்கி, தன் கழுத்தில் கத்தியை அழுத்தியிருந்தான் என்றான். பஞ்சம்மாள் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து அதையே அச்சுப் பிசகாமல் ஒப்பித்தாள். அரசாங்க வக்கீல் கேமராப் படத்தைப் போட்டுக் காட்டினார்.

"கழுத்துல கத்தி இருக்கறவன் சிரிக்கிற சிரிப்பா இது? கூட்டுக் களவாணி சிரிக்கிற சிரிப்பு. அந்தப் பொம்பளைகளும் உடந்தையோ என்னமோ!"

முத்துப்பாண்டி தலை குனிந்துகொண்டான். அப்போதுதான் பின்வரிசையில் ஒரு குரல் எழுந்தது.

"ஐயா, கத்தி அவுக கழுத்துல இல்ல. என் கழுத்துல இருந்துச்சு."

நதியா எழுந்து நின்றிருந்தாள். பஞ்சம்மாள் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் உட்காரவில்லை. நீதிபதி அவளைக் கூண்டில் ஏறச் சொன்னார். ஏறினாள். காட்டுக்குள் மூன்று பேருக்கு நடுவில் உட்கார வைத்ததையும், போன் வந்ததும் போகச் சொன்னதையும், அங்கே அவர்கள் விரல்கூடத் தன் மேலே படாததையும், பட்டிருந்தாலும் இங்கே வந்து சொல்லியிருப்பேன் என்பதையும் நடுங்காமல் சொன்னாள். "அவுக வாயைத் திறந்திருந்தா நான் செத்திருப்பேன். எனக்காகத்தான் அவுக சிரிச்சாக" என்றாள்.

முத்துப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. எப்சிபா மட்டும் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

நீதிபதி அவன் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னது ஒண்ணு, இந்தப் பொண்ணு சொல்றது ஒண்ணு. எது உண்மை?"

தன் பொய்யில் நின்றால் தப்பிக்க ஒரு வழி மிச்சம் இருந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் நின்று நடந்ததைச் சொன்ன பிள்ளை பொய்க்காரி ஆகிவிடுவாள். அதைச் செய்ய அவனுக்கு மனம் வரவில்லை.

"அது சொல்றதுதாங்கய்யா நெசம். நான் சொன்னது பொய்யி."

அடுத்த வாரம் தீர்ப்பு வந்தது. முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க முடியும், ஒரு கதையைச் சொல்லி, அதற்குச் சத்தியம் செய்யச் சாட்சியும் கொண்டுவந்து, அது தோற்கிற நேரத்தில் இன்னொரு கதை வந்தால் எதை நம்புவது என்று எழுதியிருந்தார் நீதிபதி. ஆறு மாதம் ஜெயில்.

மேலே அப்பீல் போடலாம் என்று எப்சிபா சொல்லிக்கொண்டிருந்தாள். முத்துப்பாண்டிக்கு அது காதில் ஏறவில்லை. போலீஸ் வண்டிக்காக வராந்தாவில் நின்றவனை நோக்கி நதியா வேகமாக வந்தாள். பின்னால் வினோத்ராஜும் வந்தான். அவனைக் கண்டதும் முத்துப்பாண்டி பதறிப்போனான்.

"தம்பி, பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. வீட்டுல போய் ஏதும்..."

"எனக்கு அன்னைக்கே தெரியும்ணே" என்றான் வினோத்ராஜ். "வந்த கையோட அழுதுக்கிட்டே சொல்லிருச்சு. உசுரோட வந்தியே, அது போதும்னேன்."

முத்துப்பாண்டி நதியா பக்கம் திரும்பினான். "அப்ப... அப்ப ஏன்த்தா நீ மொதல்லயே வரல?"

"பஞ்சம்மா அக்காதான் வாயைத் திறக்காதன்னாக. நீ பேசுனா டிரைவருக்குத்தான் கேடு, வக்கீலம்மா பார்த்துக்கிருவாகன்னாக. உங்களுக்கு நல்லதுன்னுதாண்ணே இத்தன நாளும் நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்." நதியா ஒரு எட்டு முன்னால் வந்தாள். "உங்களுக்கு என்னாத்துக்குண்ணே இந்தப் பொய்யி?"

"உன் பேரு கெட்டுறக் கூடாதுன்னுதாந்த்தா."

"என் பேருதானண்ணே? கெடும், கெடாதுன்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா? ஜீப்புல அத்தன பேரு இருந்தாக. ஒருத்தராச்சும் கேட்டீகளா?"

முத்துப்பாண்டி அவள் முகத்தை நேராகப் பார்த்தான். கத்தி வைத்திருந்தவர்களிடம் அவன் பயந்தது அந்த ஒரு சாயங்காலம். ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தது அன்று தொட்டு இன்று வரைக்கும். அந்தப் பயத்துக்கு எந்தப் பிரிவிலும் மன்னிப்புக் கிடையாது.

போலீஸ்காரர் அவன் தோளைத் தொட்டார். "கேட்டிருக்கணும்த்தா" என்று சொல்லிவிட்டு அவன் வண்டியில் ஏறினான்.