சுவரலமாரியின் முதுகு

2025 ஜூன் 11, புதன். நடு அறைச் சுவரின் கனம் நாலரை அங்குலம் என்று நான் எழுதிக் கொடுத்தது தவறு. சுவரலமாரியில் வயர் போகும் துளை வழியாக அளந்துவிட்டேன்.

தேனியில் மாலை நேரக் கட்டட வரைபட வகுப்பில் இருந்தபடி இதை எழுதிய மகிமாவுக்கு அதற்குமேல் கை ஓடவில்லை. நாலரை அங்குலச் சுவரில் அலமாரி எப்படிக் குடைந்திருப்பார்கள்? அப்படியென்றால் சுவர் ஒன்பது அங்குலம், பாரம் தாங்கும் சுவர். தெர்மாகோல் கூரைக்கு மேலே மறைந்திருக்கும் உத்திரங்கள் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. "வெறும் தடுப்புதாண்ணே, கூரைக்கு முட்டு வேண்டாம்" என்று பலவேசம் கொத்தனாரிடம் சொன்னதும் அவள்தான். ஐந்து மணிக்கு வந்து உடைக்கத் தொடங்குவதாக அவர் சொல்லியிருந்தார். மணி ஐந்தேகால். சுவரை ஒட்டித்தான் அம்மாவின் தையல் மிஷின். பகலிலும் டியூப்லைட் போட்டுத் தைக்கும் அம்மாவுக்காகத்தான் முன்னறை வெளிச்சத்தை உள்ளே கொண்டுவர இந்தத் திறப்பு.

அம்மா அன்னத்தாயின் போன் எடுப்பாரில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. கொத்தனாருடையது அணைந்திருந்தது. பெரியகுளம் பஸ்ஸில் நின்றபடியே அவள் நாற்பது நிமிடமும் கூரையையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே ஸ்டீவன் உபதேசியார் கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். சம்மட்டியைக் காலடியில் வைத்துவிட்டு பலவேசமும் கைகட்டி நின்றார். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஆமென்" என்றதும் மகிமா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். பலவேசம் கம்பால் கூரை அட்டையைத் தூக்கிப் பார்த்தார். மூன்று உத்திரங்களின் முனைகள் சுவருக்குள் புதைந்திருந்தன.

"ஏ ஆத்தா! நான் வந்து ஒரு மணி நேரமாச்சு. ஜெபம் பண்ணாம சுவத்தத் தொடக்கூடாதுன்னு உங்கம்மா நிப்பாட்டி வச்சிருந்தாக. உபதேசியாரு இப்பத்தான் வந்தாக."

"பஸ்ஸு லேட்டும்மா" என்றார் உபதேசியார், இரண்டாம் தடவையாக.

"அதுக்குப்போயி உங்கள அவ்வளவு ஏசுனேனே" என்று அம்மா தலையிலடித்துக்கொண்டாள். "இருங்க ஐயா, இன்னொரு காப்பி தாரேன்." மகளைப் பார்த்து, "படிக்கிறேன்னு போயி எங்கன அளந்தவ? நூல்கண்டு வைக்கிற பொந்துலயா!" என்றாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கை மட்டும் மகிமாவின் தோளில் இருந்தது.

பலவேசம் அலமாரியைத் தட்டிப் பார்த்தார். "மேல கல்லு பாவியிருக்கு, பாரத்த அது தாங்கிக்கும். இதோட முதுகு மட்டும் நீ சொன்ன நாலரைதான்."

முட்டுக் கொடுத்துவிட்டு, அலமாரி முதுகிலிருந்து உளியால் இரண்டே செங்கல்லை உருவினார். முன்னறை ஜன்னல் வழியே வந்த மலையோர வெயில் துளையில் நுழைந்து மிஷின் சக்கரத்தில் விழுந்தது. அம்மா டியூப்லைட்டை அணைத்தாள். நூலை நாக்கில் நனைத்து முதல் குத்திலேயே ஊசிக்குள் விட்டாள்.

மகிமா நோட்டை எடுத்து விட்ட இடத்தில் எழுதினாள்: நாளை காலை, அலமாரிக்கு மேலுள்ள கல் இரண்டு பக்கமும் சுவருக்குள் எத்தனை அங்குலம் போயிருக்கிறது என்று அளக்க வேண்டும். மூன்று தடவை.