குழாயோடு திரும்பி வந்த பிள்ளைகள்

எங்கள் முதலியார்பேட்டைத் தெருவில் தண்ணீர் விடும் நேரத்தில் நான் எப்போதும் கோயிலில் இருப்பேன். அன்று போகவில்லை. குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டப் போவதாகச் சொல்லி, அங்கன்வாடி டீச்சர் கலையரசி என்னையும் கூப்பிட்டிருந்தாள். கூப்பிடாமல் இருப்பாளா? தெருக்குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறவர்களை எதிர்த்து முதலில் மனு கொடுத்தவன் நான். கடைசி வீட்டுத் தனத்தின் மோட்டாரைக் கழற்ற வைத்ததும் நான்தான். முத்துவேல் வீடு என்றால் தெருவில் ஒரு மதிப்பு உண்டு.

தண்ணீர் டேங்கிலிருந்து புறப்பட்டோம். மண்ணுக்கடியில் பைப் போகும் வழியெல்லாம் கலையரசி சாக்பீஸால் கோடு இழுத்தாள். பிள்ளைகள் அதன்மேல் ரயில் விட்டுக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டைத் தாண்டி, தனத்தின் வாசல் குழாயில் போய் நின்றோம். கவிநிலா டம்ளரை நீட்டினாள். பாதி நிரம்பியதும் தண்ணீர் நின்றுவிட்டது.

"டீச்சர், தண்ணி எங்க?"

"நடுவுல யாரோ குடிச்சிட்டாங்கடி கண்ணு. தெனமும் இதே கூத்துதான்," என்றாள் தனம். என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப பைப்போடயே போயி கேக்கலாம்!" கவிநிலா கோட்டின்மேல் திரும்பி ஓடினாள். மற்ற பிள்ளைகளும் பின்னாலேயே ஓடினார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் காதை வைத்தாள்.

"தாத்தா! உங்க வூட்ல உர்ருங்குது!"

பின்கட்டுக்குப் போனேன். துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால், கோணி போர்த்திய மோட்டார். பக்கத்தில் என் மகன் செல்வகுமார், வாயில் பிரஷ்ஷோடு.

"நீங்க கோயிலுக்குப் போவலயா?"

"எப்படா வச்ச?"

"தனம் அக்காவுத கழட்டுனாங்க இல்ல, அதுக்கு அடுத்த மாசம். கத்துவீங்கன்னு சொல்லல."

பின்வாசலில் நின்ற ராஜாம்பாளைப் பார்த்தேன். இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள்.

"இன்னாத்துக்கு மொறைக்கிறீங்க? நீங்க குளிக்க ரெண்டு பக்கெட்டு பின்ன எங்கேருந்து வந்துச்சாம்?"

வாசலில் கலையரசி பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அது வாஷிங் மிஷின் பசங்களா." என்னைக் கண்டதும், "அப்படித்தானங்க ஐயா?" என்றாள். அவள் முகத்தில் இரக்கம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பின்னால் தனம் நின்றிருந்தாள்.

"இல்ல. மோட்டார். உங்க தண்ணி இங்கதான் நின்னுபோச்சு," என்றேன்.

"நம்ம மானத்த நீங்களே வாங்கிட்டீங்களேப்பா," என்றான் செல்வகுமார்.

பின்கட்டுக்குத் திரும்பிப் போய் சுவிட்சை நானே அணைத்தேன். தனத்தின் வாசலில் குழாய் சத்தமாகக் கொட்டத் தொடங்கியது. பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள்.

ராஜாம்பாள் வழக்கம்போல் நான் குளிக்க ரெண்டு பக்கெட் தண்ணீரை எடுத்து வைத்தாள். நான் குளிக்கவில்லை.